வெற்றுக் குமிழி

படம் முடிந்தபோது அரங்கில் ஒன்பது பேர்.
அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
டுலூத் நகரில் பிப்ரவரி, இரவு பதினொன்றே கால்,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
காரைக் கிளப்பவே கால்மணி ஆகும் என்பதால்
நாங்கள் நால்வரும் எதிரே பான்கேக் கடைக்குள் நுழைந்து
கோட்டைக் கழற்றும் முன்பே
திட்டத் தொடங்கினோம்.

முப்பத்தொரு வருடம் காத்திருந்த படம்.
உப்பு வண்டிக்காரன்.
உங்களுக்குத் தெரிந்திருக்காது.
மொத்தம் நாற்பத்தாறு இதழ், மட்டமான தாள்,
மூன்று நிறத்துக்கு மேல் அச்சடிக்கக் காசில்லாத கம்பெனி.
பனிச்சாலையில் உப்புத் தூவும் லாரி ஓட்டுகிறவன் அவன்.
கை வைத்தால் பனிக்கட்டி உருகும்;
உருகும் ஒவ்வோர் அடிக்கும்
அவன் உடம்புச் சூடு ஒரு துளி குறையும்.
அவ்வளவுதான் சக்தி.
பறக்க மாட்டான்.
வில்லன் என்று பார்த்தால், பெரும்பாலும்,
ஏப்ரல் வந்தும் கிளம்பாத குளிர்காலம்.

"பறக்கவிட்டார்கள்," என்றாள் டெல்ஃபீன்,
பல் பிடுங்கி வந்தவள்போலத் தாடையைப் பிடித்துக்கொண்டு.
"உப்பு வண்டிக்காரனை. பறக்க. விட்டார்கள்."
"வண்டியே இல்லையே," என்றான் எய்னோ.
"ஆள் இப்போது கோடீஸ்வர விஞ்ஞானி.
கண்ணிலிருந்து நீலக் கதிர்.
கதை நடப்பது பாலைவனத்தில்.
பாலைவனத்தில் எதற்கையா பனி உருக்குகிறவன்?"

நான் என் பங்குக்கு ரப்பர் உடையைச் சொன்னேன்:
மார்பில் ஆறு மடிப்பு, முழங்கையில் சுருக்கம்,
மழையில் விட்ட சோபா மாதிரி.
என் ஆளுக்கு நகராட்சி கொடுத்த ஆரஞ்சுச் சட்டை,
இடது பையில் ஜிப் கிடையாது.
பதினேழாம் இதழில் அந்தப் பையிலிருந்துதான்
சாவி நழுவிப் பாலத்தடியில் போனது.
படத்தில் பையே இல்லை.
பையில்லாதவன் சாவியை எப்படித் தொலைப்பான்?
சாவியைத் தொலைக்காதவன்
அந்த இரவு முழுக்க எதற்கு நடப்பான்?
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே;
இவர்கள் பதினெட்டுக் கோடி டாலரில்
குப்பைத்தொட்டிக்கு வெள்ளி முலாம் பூசியிருந்தார்கள்.

பரிமாறும் பெண் வந்து படம் எப்படி என்றாள்.
நால்வரில் மூவர் ஒரே நேரத்தில் வாய் திறந்தோம்.
காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இயக்குநர் ஒரு இதழ்கூட வாசித்திருக்க மாட்டான், இது டெல்ஃபீன்.
எய்னோ தலையாட்டினான்: "இல்லை, யாரோ வாசித்திருக்கிறார்கள்.
துரத்தல் காட்சியில், பின்னால், ஒரு நொடி,
முப்பதாம் இதழின் தூண்டில் கடை.
பெயர்ப்பலகையில் அதே எழுத்துப்பிழை."
யாரோ ஒருத்தர்
அந்தப் பிழையைக் கவனமாக, கையால்,
சரியாகத் தப்பாக வரைந்திருக்கிறார்.
அவரை நினைத்துக் கொஞ்ச நேரம்
பேசாமலிருந்தோம்.

ராஸ்கோ அதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்.
உப்பு வண்டிக்காரனுக்குத் திக்குவாய்.
முதல் எழுத்தை மூன்று முறை எழுதிக் காட்டுகிற
மலிவான வேலையெல்லாம் அந்த இதழ்களில் கிடையாது.
ஒவ்வொரு பேச்சுக்கு முன்னும் ஒரு குமிழி,
உள்ளே வெறும் வெள்ளை.
வாசிப்பவர் அங்கே நிற்க வேண்டும்,
பாலம் உயர்ந்து கப்பல் போகும்வரை
இந்த ஊரில் எல்லாரும் நிற்பதுபோல.
படத்தில் அவன் மணிமணியாகப் பேசினான்.
குமிழி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் வயலின்.

ராஸ்கோ கரண்டியைக் கீழே வைத்தான்.
உதடு குவிந்தது. கழுத்தில் ஒரு நரம்பு எழுந்தது.
பதினொரு வயதில், பள்ளிப் பேருந்தில்,
முதல் இதழை என்னிடம் நீட்டியபோதும்
இதே நரம்பு.
டெல்ஃபீன் அவன் சொல்லை முடித்துக் கொடுக்கவில்லை.
எய்னோ கையிலிருந்த சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழிக்கவில்லை.
வெளியே நிஜ உப்பு லாரி ஒன்று
மஞ்சள் விளக்கு சுழலத் தூவிக்கொண்டே போயிற்று.
அதன் சத்தம் முழுசாகத் தேய்ந்த பிறகு,

"நாளைக்கு," என்றான்,
"ரெண்டரை மணிக் காட்சிக்கும்
டிக்கெட் எடுத்திருக்கேன்.
அந்தப் பலகையை நான் பார்க்கலை."

"பைத்தியம்," என்றாள் டெல்ஃபீன்.

எய்னோ சர்க்கரையைக் கிழித்துக் கொட்டி,
கலக்கி,
கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:
"எந்த வரிசை?"